கேள்விக்கும் தீர்ப்புக்கும் இடையில்: பொன்மலை வழக்குகளை முன்வைத்துச் சட்ட நூலக ஆய்வுத்துணை பற்றிய திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சட்டக் கல்வி நிறுவனங்களின் நூலகத் தரத்தை இந்தியப் பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் நூல்களின் எண்ணிக்கை, பின்தொகுதிகளின் ஆண்டளவு, செலவுத் தொகை ஆகியவற்றால் அளக்கின்றன. மாணவர் தமிழில் எழுப்பும் கேள்வியை ஆங்கிலத்தில் அச்சான தீர்ப்புவரை கொண்டுசேர்க்கும் பணி இந்த அளவுகோலுக்குள் அடங்குவதில்லை. பொன்மலை இரயில்வே தொழிலாளர் தலைவர் கே. அனந்தன் நம்பியார் தொடர்பான இரு வழக்குகளைத் தேடும் முயற்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அப்பணி எங்கெங்கே அறுபடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சித்தாந்த சங்கிரகம்' இத்தகைய ஆய்வுத்துணைக்குத் தமிழில் எழுந்த முன்மாதிரியாகக் கருதத்தக்கது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சட்ட நூலகம், நோக்கீட்டுப் பணி, பொன்மலை, தடுப்புக்காவல், தலைக்குறிப்பு, வேதநாயகம் பிள்ளை, அரங்கநாதன்

முன்னுரை

திருச்சிராப்பள்ளியில் அரசு சார்ந்த சட்டக் கல்வி இரு தடங்களில் நடைபெறுகிறது. 1979-இல் தொடங்கப்பட்ட அரசு சட்டக் கல்லூரி ஒன்று. ஸ்ரீரங்கம் வட்டம் நாவலூர்குட்டப்பட்டில் 2012-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்றால் உருவான தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் மற்றொன்று. முன்னதில் மாநிலப் பள்ளிக் கல்வியில் பெற்ற மதிப்பெண் கொண்டும், பின்னதில் அனைத்திந்திய நுழைவுத்தேர்வு கொண்டும் மாணவர் சேர்கின்றனர். இவ்விரு நூலகங்களுள் எது சிறந்தது என்று மதிப்பெண் இடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சட்ட நூலகம் மாணவருக்கு அளிக்கும் 'ஆய்வுத்துணை' என்ற சொல்லுக்கு நம் விதிகளும் வழக்கங்களும் என்ன பொருள் கொண்டுள்ளன, அப்பொருள் போதுமானதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

பொதுநிலையில் மட்டும் விவாதித்தால் இவ்வினா வெறும் குறைகூறலாக முடிந்துவிடும். எனவே இதே நகரத்தைச் சேர்ந்த பொன்மலை தேர்ந்துகொள்ளப்பட்டது. தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து 1928-இல் பொன்மலைக்கு மாற்றப்பட்டது முதல் அவ்வூர் தமிழகத் தொழிற்சங்க வரலாற்றின் மையங்களுள் ஒன்றாயிற்று. 1946 செப்டம்பர் 5 அன்று அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். அந்நாள் இன்றும் தொழிற்சங்கத்தினரால் நினைவுகூரப்படுகிறது. தொழிற்சங்க வரலாற்றிலும் இலக்கிய ஆய்விலும் பொன்மலைக்கு இடமுண்டு. சட்ட ஆய்வுக்குள் பொன்மலையைத் தேடும் மாணவருக்கு நூலகம் எந்த அளவுக்கு வழிகாட்டுகிறது?

விதியின் அளவுகோல்

2008-ஆம் ஆண்டு விதிகளின் மூன்றாம் அட்டவணை, சட்டக் கல்வி மையம் ஒவ்வொன்றும் வைத்திருக்கவேண்டிய குறைந்தபட்ச நூல்தொகையை வரையறுக்கிறது. ஏ.ஐ.ஆர். மேனுவல், மத்திய, மாநிலச் சட்டங்கள், கிரிமினல் லா ஜர்னல், சுப்ரீம் கோர்ட் கேசஸ், கம்பெனி கேசஸ், இந்தியன் பார் ரிவியூ முதலியன அப்பட்டியலில் உள்ளன. இதழ்களுக்குக் குறைந்தது பத்தாண்டுப் பின்தொகுதிகள் வேண்டும். பதிவுபெற்ற மாணவர் ஒருவருக்குப் பத்து நூல்கள் என்ற விகிதம் வேண்டும். ஆண்டுதோறும் நூலகத்திற்கு ஒருவகைப் படிப்பாயின் 50,000 ரூபாயும் இருவகைப் படிப்பாயின் 1,00,000 ரூபாயும் குறைந்தபட்சமாகச் செலவிடப்பட வேண்டும்.

தொகையின் போதாமையைப் பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. விலையேற்றத்தை அறிந்த எவரும் அதை உணர்வர். கவனத்திற்குரியது அளவுகோலின் இயல்பு. இதன்படி நூலகம் என்பது அலமாரியில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை. ஆய்வு அலுவலர் எண்ணிப் பார்க்கக்கூடியவை எல்லாம் அதில் உள்ளன. மாணவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்ததா என்பது எண்ணத்தக்க பொருளாக அங்கு இல்லை.

மொழி தொடர்பாக விதிகளுக்குள்ளேயே ஒரு முரண் உள்ளது. பயிற்றுமொழி ஆங்கிலம் என்று கூறும் விதிகள், பல்கலைக்கழகம் வட்டார மொழியில் கற்பிக்கவோ தேர்வெழுத இசையவோ செய்தால் ஆங்கிலத்தை ஒரு கட்டாயத் தாளாகப் பயிலவேண்டும் என்றும் கூறுகின்றன. அஃதாவது தமிழில் தேர்வெழுதும் சட்ட மாணவர் ஒருவரை விதிகள் முன்னரே கற்பனை செய்துள்ளன. ஆயினும் நூலகப் பட்டியலில் பெயர் சுட்டப்பட்ட வெளியீடுகள் அனைத்தும் ஆங்கிலம். தேர்வுக்கூடத்தில் ஏற்கப்பட்ட மொழிக்கு நூலகத்தில் ஓர் அலமாரியும் ஒதுக்கப்படவில்லை.

தமிழகத்தைப் பொறுத்தவரை இம்முரண் வெறும் கல்விச் சிக்கல் அன்று. 1956-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 4-ஏ, 4-பி பிரிவுகள் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குவதற்கு வழிசெய்தன. அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு உயர் நீதிமன்ற மொழியை ஆங்கிலத்தில் நிறுத்துகிறது. சார்பு நீதிமன்றத்தில் வாதிடப்போகும் இளம் வழக்குரைஞர் தமிழில் சாட்சியம் கேட்டு, அதற்குத் துணையான முன்தீர்ப்பை ஆங்கிலத்தில் தேடவேண்டும். இந்த இரட்டை வாழ்க்கைக்குப் பயிற்சி தரவேண்டிய இடம் சட்ட நூலகம்.

பொன்மலையிலிருந்து ஒரு தேடல்

மாணவர் ஒருவர் இவ்வாறு கேட்பதாகக் கொள்வோம்: பொன்மலைத் தொழிலாளர் தலைவர் ஒருவர் மக்கள் பிரதிநிதியாக இருந்தபோதே தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார், அதுபற்றி நீதிமன்றங்கள் என்ன கூறின?

கேள்வி தெளிவானது. விடையும் உள்ளது. இரயில்வே தொழிற்சங்கத் தலைவரான கே. அனந்தன் நம்பியார் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். காவலில் உள்ள உறுப்பினர் அவைக் கூட்டத்தில் கலந்துகொள்ள உரிமை கோரலாமா என்ற வினாவைச் சென்னை உயர் நீதிமன்றம் ஆராய்ந்து, சட்டப்படி காவலில் வைக்கப்பட்டவருக்கு அத்தகைய உரிமை இல்லை என்றது. அத்தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1952 மெட்ராஸ் 117 என்னும் சுட்டில் உள்ளது. பின்னர் 1962-இல் திருச்சிராப்பள்ளித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1964 டிசம்பர் இறுதியில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் மீண்டும் காவலில் வைக்கப்பட்டார். அவரும் ஆர். உமாநாத்தும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய 1965 அக்டோபர் தீர்ப்பு, உறுப்பினர் என்ற நிலை ஒருவரைத் தடுப்புக்காவலிலிருந்து காக்கும் கேடயமாகாது என்று நிறுவியது. ஏ.ஐ.ஆர். 1966 எஸ்.சி. 657 என்பது அதன் சுட்டு. (1966) 2 எஸ்.சி.ஆர். 406 என்பது அதற்கு இணையான மற்றொரு சுட்டு. சிறையிலுள்ள உறுப்பினர் அவைக்கு வரலாமா என்ற வினா எழும்போதெல்லாம் நாடாளுமன்ற நடைமுறை பற்றிய நூல்கள் திரும்பிச் செல்லும் தீர்ப்பு இது.

மேற்கண்ட பத்தியைப் படிக்கச் சில நிமிடம் போதும். வழிகாட்டுதல் இல்லாத மாணவர் அதன் செய்திகளைத் திரட்ட என்னென்ன தடைகளைக் கடக்கவேண்டும் என்று பார்த்தல் வேண்டும்.

முதல் தடை விதியே. பத்தாண்டுப் பின்தொகுதிகள் என்ற குறைந்தபட்சத்தில் நிற்கும் நூலகம் 1952, 1966 ஆகிய ஆண்டுத் தொகுதிகளை வைத்திருக்கக் கடமைப்பட்டதன்று. பட்டியலில் இடம்பெற்ற சுப்ரீம் கோர்ட் கேசஸ் தொடங்கியதே 1969-இல்தான். அதன் அச்சுத் தொகுதிகளை முதல் இதழிலிருந்து முழுமையாக வாங்கி அடுக்கினாலும் 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அதில் கிட்டாது. அரசமைப்புச் சட்டத்தின் அடித்தள விவாதங்கள் நிகழ்ந்த முதல் இருபது ஆண்டுகள் விதியின் பார்வைக்கு வெளியே நிற்கின்றன. ஏ.கே. கோபாலன் வழக்கு 1950-ஐச் சேர்ந்தது என்பதை நினைவில் கொண்டால் இதன் விளைவு புலப்படும்.

இத்தடையை இன்று மின்வழி பெருமளவு நீக்கியுள்ளது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்.சி.ஆர். வழியாக அதிகாரபூர்வத் தொகுதிகளைக் கட்டணமின்றிப் பெறலாம். 2008 முதல் இந்தியன் கானூன் தளம் உள்ளது. மனுபத்ரா, எஸ்.சி.சி. ஆன்லைன் போன்ற கட்டணத் தளங்களும் உள்ளன. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தையும் சிலர் இங்குச் சுட்டக்கூடும். அது 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்களுக்கானது. தீர்ப்புத் தரவுத்தளங்கள் அதன் எல்லைக்குள் வருவன அல்ல. எவ்வாறாயினும், நூற்பிரதி இன்மை என்ற பழைய குறை தளர்ந்துவிட்டது என ஏற்கலாம். ஆனால் பிரதி கிடைக்கும் நிலையில்தான் அடுத்த தடை கண்ணுக்குத் தெரிகிறது.

மாணவர் அறிந்த சொல் 'தடுப்புக்காவல்'. நாளிதழும் மேடையும் அவருக்கு அச்சொல்லைத் தந்துள்ளன. தரவுத்தளத்தில் அதற்குரிய ஆங்கிலத் தொடரை இட்டால் ஆயிரக்கணக்கில் தீர்ப்புகள் வந்து விழும். காலத்தால் வடிகட்டவேண்டுமாயின் எந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்: முதல் வழக்குக்கு 1950-ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டம், இரண்டாவதற்கு 1962-ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்பு விதிகள். ஆளின் பெயரால் தேடலாம் என்றால் தமிழ் நூல்களில் 'அனந்தன் நம்பியார்' என்றும் 'ஆனந்தன் நம்பியார்' என்றும் வழங்கும் பெயர் தீர்ப்புத் தலைப்பில் 'ஆனந்த நம்பியார்' என்று படிக்கத்தக்க எழுத்துக்கூட்டலில் உள்ளது. ஓர் 'ன்' குறைந்தமையால் தேடல் பொய்த்துப்போகும். ஊரின் பெயரால் தேடுவது அதனினும் கடினம். நம்மவர் பொன்மலை என்பதை இரயில்வேயின் ஆவணங்கள் 'கோல்டன் ராக்' என்றே எழுதிவந்தன. இரண்டு பெயர்களில் எதுவும் மேற்கண்ட வழக்குகளின் தலைப்பில் இல்லை. எதிர்மனுதாரராக நிற்பவர் சென்னை அரசின் தலைமைச் செயலாளர்.

1946-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சூட்டையே ஆராய விரும்பும் மாணவரின் பாதை முற்றிலும் வேறு. அதற்குத் தீர்ப்புத் தொகுதிகள் உதவமாட்டா. பிரகாசம் அமைச்சரவைக் காலத்துச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அரசாணைகள், அக்கால நாளிதழ்கள் என்பனவே அதற்குரிய மூலங்கள். சட்ட மாணவர்க்கு இவற்றைக் கையாளும் பயிற்சி பெரும்பாலும் தரப்படுவதில்லை. வரலாற்று மாணவர்க்குத் தீர்ப்புச் சுட்டுகளைப் படிக்கத் தெரிவதில்லை. இருவரும் ஒரே ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பர்.

பட்டியலில் இல்லாத ஊர்

மேற்கண்ட தடைகளுள் எதுவும் நூல் பற்றாக்குறையால் விளைந்ததன்று. ஒவ்வொன்றும் பெயர், சொல், காலம் ஆகியவற்றை இணைக்கும் குறிப்பு இன்மையால் விளைந்தது. அத்தகைய இணைப்பைத்தான் நூலகவியலார் நோக்கீட்டுப் பணி என்பர். அதனை நூலகத்தின் உயிர்ப்பணியாக இந்தியாவில் நிறுவியவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்று, 1931-இல் தம் ஐந்து விதிகளை நூலாக்கியவர் அவர். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், வாசகரின் நேரம் காக்கப்பட வேண்டும் என்பன அவ்விதிகளுள் அடங்கும். பார் கவுன்சிலின் அட்டவணையை இவற்றின் அருகில் வைத்துப் பார்த்தால் அது நூல்களைப் பற்றி மட்டும் பேசுவதையும், வாசகரை விகிதக் கணக்கின் வகுஎண்ணாக மட்டும் காண்பதையும் உணரலாம். 'மாணவர் ஒருவருக்குப் பத்து நூல்' என்பது 'வாசகருக்குரிய நூல்' என்பதற்கு ஈடாகாது. பத்தும் ஒரே வினாவிடைக் கையேட்டின் பிரதிகளாக இருப்பினும் விகிதம் நிறைவுபெற்றுவிடும்!

அரங்கநாதனின் கோலன் பகுப்பு முறை சட்டத்தை இசட் என்னும் எழுத்தில் நிறுத்தி, அதன் முதல் முகமாக எந்தச் சமுதாயத்தின் அல்லது நாட்டின் சட்டம் என்பதையே வினவுகிறது. இந்தியச் சட்டம் இசட் 44 ஆகிறது. சட்டம் ஓர் இடத்தோடும் அங்கு வாழும் மக்களோடும் பிறப்பது என்ற புரிதல் அப்பகுப்பில் உள்ளது. நாடு என்ற அளவில் நின்றுவிடும் அப்புரிதலை ஊர்வரை கொண்டுவருவது பகுப்பெண்ணால் இயலாது. பட்டியலிடுபவரின் கூடுதல் குறிப்பால் இயலும். அக்குறிப்பை எழுத அந்த ஊரை அறிந்த நூலகர் வேண்டும்.

தமிழில் ஒரு முன்மாதிரி

இத்தகைய பணி தமிழுக்குப் புதிதன்று. திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826-இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்து, பின்னர் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாக அமர்ந்தவர். 1805 முதல் 1861 வரை சதர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழில் தொகுத்து, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றிய ஆண்டும் அதுவே. பழைய நீதிமன்ற அமைப்பு முடிவுக்கு வந்த தருணத்தில் அதன் அரைநூற்றாண்டுத் தீர்ப்புகளைத் தமிழறிந்தோர் கையில் தந்தார் அவர்.

இந்நூலைத் தமிழாய்வாளர் பொதுவாக 'முதல் நாவலாசிரியரின் பிற பணிகள்' என்ற ஒற்றை வரியில் கடந்துசெல்வது வழக்கம். நூலகப் பகுப்பிலும் அவர் பெயர் 894.811 என்னும் தமிழிலக்கிய எண்ணின்கீழ், 1879-இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' வழியாகவே நிலைபெற்றுள்ளது. அந்நாவலிலேயே தமிழ் வழங்கும் நீதிமன்றத்தில் வழக்குரைஞர் ஆங்கிலத்தில் வாதிடும் முறைகேட்டை அவர் விரிவாகக் கண்டிக்கிறார் என்பது பலரும் அறிந்ததே. அக்கண்டனத்தை மொழிப்பற்றின் வெளிப்பாடாக மட்டும் படிப்பது குறையுடையது. தம் கையால் ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்த ஒருவர், அது செய்யக்கூடிய பணியே என்பதை மெய்ப்பித்த பின்னர் எழுதியது அது. சட்டத்துறையினர் அவரை இலக்கியத்திடமும் இலக்கியத்துறையினர் அவரது சட்டநூலைச் சட்டத்திடமும் ஒப்படைத்துவிட்டதால், திருச்சிராப்பள்ளி நீதிமன்ற ஆவண அறையில் பயின்ற ஒருவரின் முயற்சி இரு துறைகளுக்கும் நடுவே மறைந்து நிற்கிறது.

தலைக்குறிப்பு எழுதுவோர் யார்

வேதநாயகம் பிள்ளை செய்ததை இன்றைய சொல்லால் தலைக்குறிப்பு எழுதுதல் எனலாம். தீர்ப்பின் முகப்பில் அதன் சாரத்தைச் சில வரிகளில் தரும் பகுதி அது. கட்டணத் தளங்களும் தனியார் தொகுதிகளும் விற்பது உண்மையில் இப்பகுதியைத்தான். ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோதக் வழக்கில் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவுபடுத்தியது: தீர்ப்பின் மூலவாசகம் எவருடைய தனியுடைமையும் அன்று; பதிப்பாசிரியர் தம் அறிவும் தேர்வும் கொண்டு சேர்ப்பவற்றிற்கே பதிப்புரிமை உண்டு. எனவே நூலகமோ சட்டத்துறையோ மூலவாசகத்தைப் படித்துத் தானே தமிழில் தலைக்குறிப்பு எழுத எந்தத் தடையும் இல்லை. அவ்வாறு எழுதப்படுவது அந்நிறுவனத்தின் சொந்த ஆக்கமாகும்.

மொழிபெயர்ப்பு மென்பொருள் இதனைத் தேவையற்றதாக்கிவிடும் என்ற கருத்து இங்கு எழலாம். உச்ச நீதிமன்றம் 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றை இந்திய மொழிகளில் வெளியிட்டுவருகிறது. (முதலில் அறிவித்த மொழிகளில் தமிழ் இல்லை, எதிர்ப்புக்குப் பின்னர் சேர்க்கப்பட்டது.) இது வரவேற்கத்தக்கதே. ஆனால் நாற்பது பக்கத் தீர்ப்பு நாற்பது பக்கத் தமிழாக வருவதால் அதனைத் தேடிக் கண்டடையும் சிக்கல் தீராது. எந்தத் தீர்ப்பைப் படிக்கவேண்டும் என்று அறிவதே மாணவரின் இடர். 'சட்டக்கதிர்' போன்ற தமிழ்ச் சட்ட இதழ்கள் இத்திசையில் செய்துவரும் பணியும் தொடர் அட்டவணையாகத் திரட்டப்பட்டுச் சட்ட நூலகத் தேடலோடு இணைக்கப்பட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாற்றப்பட்ட பின்னர் இத்தேவை மேலும் கூர்மை பெற்றுள்ளது. கொலைக் குற்றத்திற்குத் தண்டனை கூறிய பழைய 302-ஆம் பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகியது. ஏமாற்றுதலின் 420, 318 ஆகியது. 144 தடையுத்தரவு புதிய நடைமுறைச் சட்டத்தில் 163 ஆகியது. ஒன்றரை நூற்றாண்டுத் தீர்ப்புகள் பழைய எண்ணிலும் இனிவரும் தீர்ப்புகள் புதிய எண்ணிலும் இருக்கும். பழைய எண்ணையே பழமொழிபோல் வழங்கும் தமிழ்ப் பேச்சுவழக்கு இன்னும் பல்லாண்டு மாறாது. 'நானூற்றிருபது' என்று கேட்டு வரும் மாணவரையும் கட்சிக்காரரையும் 318-க்கு அழைத்துச்செல்லும் ஒப்பீட்டு அட்டவணை ஒவ்வொரு சட்ட நூலகத்தின் முகப்பிலும் இருக்கவேண்டிய பொருள். அதற்கு ஆகும் செலவு தாளும் மையும் மட்டுமே.

செய்யத்தக்கது

பெரிய திட்டங்களை முன்மொழிவதில் இக்கட்டுரைக்கு நாட்டமில்லை. அவை அறிக்கைகளில் போதிய அளவு உள்ளன. இந்நகரின் சட்ட நூலகங்கள் தம் எல்லைக்குள் செய்யக்கூடியது ஒன்றை மட்டும் கூறலாம். நூலகரும் முதுநிலைச் சட்ட மாணவரும் அண்டைப் பல்கலைக்கழகத் தமிழ், வரலாற்று ஆய்வாளரும் இணைந்து, மாவட்டத்தோடு தொடர்புடைய வழக்குகளுக்கு ஊர்வாரியான தமிழ்ச் சுட்டி ஒன்றை உருவாக்கலாம். ஆளின் பெயர் எத்தனை வடிவில் எழுதப்பட்டுள்ளதோ அத்தனையும் அதில் வேண்டும். தமிழ்க் கலைச்சொல்லும் அக்காலச் சட்டத்தின் பெயரும் இணையான சுட்டுகளும் வேண்டும். தீர்ப்புத் தொகுதியில் இல்லாத மூலங்கள் எங்குள்ளன என்ற குறிப்பும் வேண்டும். முதுநிலை மாணவரின் ஒரு பருவத்து ஒப்படைப்பாகவே இப்பணியை ஏற்கலாம். தரமதிப்பீட்டுக் குழுக்கள் நூல் எண்ணிக்கையோடு இத்தகைய சுட்டிகளையும் கேட்டுப் பார்க்கும் வழக்கம் வந்தால் நூலகருக்கு அதற்கான நேரமும் பணியாளரும் கிடைப்பர்.

அச்சுட்டியின் ஒரு பதிவு ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

பொன்மலை (கோல்டன் ராக்) – இரயில்வே தொழிற்சங்கம் – அனந்தன் நம்பியார், கே. (ஆனந்தன் நம்பியார், ஆனந்த நம்பியார் எனவும்) – தடுப்புக்காவல் – அவை உறுப்பினரின் சிறப்புரிமை – தடுப்புக்காவல் சட்டம் 1950: ஏ.ஐ.ஆர். 1952 மெட்ராஸ் 117 – இந்தியப் பாதுகாப்பு விதிகள் 1962: ஏ.ஐ.ஆர். 1966 எஸ்.சி. 657, (1966) 2 எஸ்.சி.ஆர். 406, இ-எஸ்.சி.ஆர். தளத்தில் கட்டணமின்றிக் காணலாம் – 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டுக்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் எழும்பூர் ஆவணக் காப்பகத்து அரசாணைகளையும் காண்க.